உண்ணியும் செக்கன் முள்ளும்

திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தின் வயல் வரம்பில் நின்று, தூரத்தில் மேயும் மாட்டுக் கூட்டத்தைக் கைத்தொலைபேசியில் எடுத்தால் கொம்பும் திமிலும் துல்லியமாக விழும். அதே போனைக் கன்று ஒன்றின் காதுக்கு அருகில் கொண்டுபோய், மடலின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் உண்ணியை எடுத்துப் பாருங்கள். கிடைப்பது கபில நிறத்தில் ஒரு மங்கல் பொட்டு. வீட்டுக்குள் வந்து சுவர் மணிக்கூட்டை எடுத்தால், முகப்புக் கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் அடிக்கிறது. செக்கன் முள் இரண்டாகத் தெரிகிறது. படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் வேறு ஓடுகின்றன.

கமரா கெட்டுவிடவில்லை. தூரத்துப் பொருளை எடுக்கும்போது அது நமக்குத் தெரியாமல் மூன்று கணக்குகளைச் சரிக்கட்டிவிடுகிறது: எவ்வளவு ஆழத்துக்குத் தெளிவு வேண்டும், எவ்வளவு ஒளி வேண்டும், எவ்வளவு நேரம் வேண்டும். சிறிய பொருளுக்கு அருகில் போகப் போக இந்த மூன்றும் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கத் தொடங்குகின்றன. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். அருகுப் படக்கலையின் அறிவியல் முழுவதும் இந்தச் சண்டையைத் தீர்த்துவைப்பதில்தான் இருக்கிறது. அதற்கு உண்ணியையும் மணிக்கூட்டையும் விட நல்ல பாடப்பொருள்கள் கிடைப்பது அரிது: உண்ணி ஆழத்தையும் ஒளியையும் சோதிக்கும், மணிக்கூடு நேரத்தைச் சோதிக்கும்.

நூறு புள்ளியில் ஓர் உயிர்

இரத்தம் குடிக்காத நாய் உண்ணியின் நீளம் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர். ஒரு போன் கமராவின் வில்லைக்குக் குவியத்தூரம் 6 மில்லிமீற்றர் என்றும், அது 10 சென்ரிமீற்றருக்குக் கிட்டப் போனால் குவியாது என்றும் வைத்துக்கொள்வோம். அந்தத் தூரத்தில் உண்ணியின் விம்பம் கமராவின் உணரியில் 0.2 மில்லிமீற்றருக்கும் சற்றுக் குறைவாகவே விழும். உணரியின் ஒரு படப்புள்ளி ஒரு மில்லிமீற்றரில் ஐந்நூறில் ஒரு பங்கு அகலம் என்றால், முழு உண்ணிக்கும் நீளவாக்கில் கிடைப்பது நூறு புள்ளிகள்கூட இல்லை. அடையாளம் காண மிக முக்கியமான அதன் வாய்ப்பகுதிக்குப் பதினைந்து புள்ளிகள் வந்தால் பெரிய காரியம். பிறகு திரையில் விரலால் எவ்வளவு விரித்தாலும், இல்லாத விபரம் வராது.

தீர்வு, விம்பத்தை உணரியில் விழும்போதே பெரிதாக்குவது. 25 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள சிறு குவிவு வில்லை ஒன்றைப் போனின் வில்லைக்கு முன்னால் ஒட்டினால், மேற்சொன்ன அதே உண்ணிக்கு முந்நூற்றைம்பது புள்ளிகள் வரை கிடைக்கும். வில்லை மாற்றக்கூடிய கமராவில் இதே வேலையை வேறு விதமாகச் செய்யலாம். 50 மில்லிமீற்றர் வில்லைக்கும் கமராவுக்கும் நடுவே 50 மில்லிமீற்றர் நீளமான வெற்றுக் குழாய் ஒன்றைச் செருகினால், பொருள் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாக உணரியில் விழும். இதை ஒன்றுக்கு ஒன்று உருப்பெருக்கம் என்பார்கள். குழாயில் கண்ணாடி எதுவும் இல்லை. வில்லையை உணரியிலிருந்து தள்ளி வைப்பது மட்டுமே அதன் வேலை.

ஆழம் என்னும் முதல் தடை

பெரிதாக்கியதும் முதலில் கைவிட்டுப் போவது ஆழம். வில்லை ஒரே ஒரு தளத்தைத்தான் மிகச் சரியாகக் குவிக்கும். அதற்கு முன்னும் பின்னும் கொஞ்சத் தூரம் வரை கண் பொறுத்துக்கொள்ளும். அந்தக் கொஞ்சத் தூரமே தெளிவின் ஆழம். பெரிய உணரியுள்ள கமராவில், ஒன்றுக்கு ஒன்று உருப்பெருக்கத்தில், வில்லையின் ஒளித் துவாரத்தை எப்8 அளவில் வைத்தால் (எப் எண் கூடக் கூடத் துவாரம் சிறிதாகும்) இந்த ஆழம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். மூன்று மடங்கு பெரிதாக்கினால் ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்கு. பட்டினி உண்ணி தட்டையானது. மேலிருந்து பார்த்து எடுத்தால் ஓரளவு சமாளிக்கலாம். இரத்தம் குடித்து ஆமணக்கு விதைபோல் உப்பிய பெண் உண்ணியின் முதுகு தெளிவாக இருந்தால் கால்கள் மங்கும், கால்கள் தெளிந்தால் முதுகு மங்கும்.

துவாரத்தைச் சுருக்கினால் ஆழம் கூடுமே என்று தோன்றும். கூடும்தான். ஆனால் ஒளி ஓர் அலை. சிறிய துளை வழியே போகும்போது அது விளிம்பில் வளைந்து விரியும். அதனால் ஒரு புள்ளியின் விம்பம் புள்ளியாக விழாமல் சிறு வட்டாக விழுகிறது. மூன்று மடங்கு உருப்பெருக்கத்தில் வில்லை உணரியிலிருந்து விலகி நிற்பதால், எப்8 துவாரம் நடைமுறையில் எப்32 போலச் செயற்படும். பச்சை ஒளியில் அந்த வட்டின் விட்டம் 0.043 மில்லிமீற்றர். 24 மெகாபிக்சல் கொண்ட பெரிய உணரியில் அது ஏழு படப்புள்ளிகளின் அகலம். இன்னும் சுருக்கி எப்16க்குப் போனால் வட்டு இரு மடங்காகும். அப்போது ஆழம் முழுவதும் ஒரே அளவில் மங்கலாக இருக்கும். எல்லாம் தெரியும், எதுவும் தெளியாது.

இந்த இக்கட்டிலிருந்து வெளியேறும் வழி, ஒரே படத்தில் எல்லாவற்றையும் பெறும் ஆசையை விடுவது. துவாரத்தை நடுத்தர அளவில் வைத்து, குவியத் தளத்தை ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு நகர்த்தி நகர்த்திப் பல படங்கள் எடுக்க வேண்டும். பிறகு கணினி மென்பொருள் ஒவ்வொரு படத்திலும் தெளிவான பகுதியை மட்டும் பொறுக்கி ஒன்றாக அடுக்கும். இணையத்தில் மயிர்க்கால் வரை தெளிவாகத் தெரியும் பூச்சிப் படங்கள் பெரும்பாலும் இப்படி அடுக்கப்பட்டவை. அவற்றில் காணும் காட்சியை எந்த ஒரு வில்லையும் எந்த ஒரு கணத்திலும் கண்டதில்லை.

அது ஏமாற்றா? மூன்றரை நூற்றாண்டுக்கு முன்பே ஒருவர் இதே முறையைக் கையாலே செய்திருக்கிறார். அவருக்கும் தம்பலகாமப் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு.

கொட்டியாரக் குடாவின் ஒரு தொடர்பு

தம்பலகாமக் குடா கிண்ணியா வாயில் வழியே கொட்டியாரக் குடாவோடு சேர்கிறது. 1659இல் மசூலிப்பட்டினத்துக் கடலில் புயலில் சிக்கிப் பாய்மரம் இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், திருத்த வேலைக்காகக் கொட்டியாரத்துக்கு வந்தது. 1660இல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பற் தலைவரையும், தந்தையின் அதே பெயர் கொண்ட மகனையும் வேறு பலரையும் பிடித்துச் சென்றார்கள். தந்தை சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் றொபேர்ட் நொக்ஸ் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உள்நாட்டில் இருந்து, 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பினார். இலங்கையைப் பற்றி அவர் எழுதிய நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது. அதற்கு முன்னுரை எழுதியவர் றொபேர்ட் ஹூக்.

1665இல் 'மைக்ரோகிராஃபியா' என்ற நூலால் நுணுக்குக்காட்டி உலகத்தைப் பொதுமக்களின் கண்முன் கொண்டுவந்தவர் இதே ஹூக்தான். அந்த நூல் அரிய பொருட்களோடு தொடங்கவில்லை. ஊசி முனை, சவரக் கத்தியின் விளிம்பு, அச்சிட்ட முற்றுப்புள்ளி, துணியின் இழை என்று வீட்டில் கிடப்பவற்றோடு தொடங்கியது. கூரானது என்று எல்லோரும் நம்பிய ஊசி முனை மழுங்கிக் கரடுமுரடாகத் தெரிந்தது. வட்டமான முற்றுப்புள்ளி மை சிதறிய கறையாகத் தெரிந்தது. பிறகே தெள்ளும் பேனும் சிற்றுண்ணியும் வந்தன. விரித்துப் பார்க்கும்படி மடித்து வைத்த தெள்ளின் பெரிய படம் நூலின் புகழுக்கு முக்கிய காரணம்.

ஹூக்கின் நுணுக்குக்காட்டிக்கும் தெளிவின் ஆழம் சொற்பம்தான். ஒரே பார்வையில் அந்தத் தெள்ளு முழுதாகத் தெரிந்திருக்க வழியில்லை. பல ஒளிகளிலும் பல நிலைகளிலும் வைத்துப் பார்த்து, உண்மை வடிவம் இதுதான் என்று தெளிந்த பின்னரே வரையத் தொடங்கியதாக அவர் முன்னுரையில் சொல்கிறார். தெளிந்த பகுதிகளைப் பொறுக்கி ஒன்றாக்கும் வேலையை இன்று மென்பொருள் செய்கிறது. அன்று ஹூக்கின் மூளையும் கையும் செய்தன.

ஒளியை விரித்தல்

ஹூக் பல ஒளிகளை மாற்றிப் பார்த்ததற்கு ஒரு காரணம் ஈயின் கண். ஒரு வெளிச்சத்தில் அது துளைகள் நிறைந்த சல்லடையாகத் தெரிந்தது. இன்னொரு வெளிச்சத்தில் பொன்னாணிகள் அறைந்த பரப்பாகத் தெரிந்தது. வேறொரு கோணத்தில் கூம்புகளாகத் தெரிந்தது. பொருள் ஒன்றுதான், ஒளி விழும் விதம்தான் வேறு.

உண்ணியின் முதுகிலுள்ள ஓட்டுத் தகடு வழவழப்பானது. போனின் சிறு விளக்கை நேராக அடித்தால் அதில் ஒரு வெள்ளைப் பொட்டு மின்னும். அந்தப் பொட்டுக்குள் உள்ள விபரம் முழுவதும் அழியும். வெளிச்சம் போதாது என்று விளக்கைக் கூட்டினால் பொட்டு இன்னும் மோசமாகும். வெளிச்சம் போதாமல் போவதும் உண்மை: மூன்று மடங்கு உருப்பெருக்கத்தில் உணரியின் ஒவ்வொரு புள்ளிக்கும் வரும் ஒளி பதினாறில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆகவே பலமான ஒளியும் வேண்டும், அது பரந்த பரப்பிலிருந்தும் வர வேண்டும். ஒளிமூலம் பொருளைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தால், மின்னும் பொட்டு விரிந்து மென்மையான பளபளப்பாகும். ஓட்டின் குழிகளும் நிறமும் தெரியத் தொடங்கும்.

ஹூக் இதற்குப் பொருளுக்கு அருகில் எண்ணெய் தோய்ந்த கடதாசி ஒன்றை வைத்து, பெரிய வில்லையால் வெயிலை அதன்மேல் குவித்தார். இன்று வெள்ளைப் பொலித்தீன், ரிஷ்யூக் கடதாசி, வெட்டிய யோகட் கிண்ணம் எல்லாம் அந்த வேலையைச் செய்யும். உண்ணி 3 மில்லிமீற்றர்தானே. உள்ளங்கையளவு வெள்ளைக் கிண்ணமே அதற்கு ஒரு வானம்.

தம்பலகாமத்துக்கு இதில் சொந்தமான பொருள் ஒன்று உண்டு. இந்தக் குடாவின் சேற்றடியில் வாழ்ந்த கண்ணாடிச் சிப்பி, அதாவது பிளக்குனா பிளசென்ரா, ஒரு காலத்தில் இங்கே முத்துக்குளிப்புக்கே வழி செய்தது. இலங்கையில் பிறந்த மருத்துவரும் இயற்கை ஆய்வாளருமான எட்வர்ட் பிரெடரிக் கெலார்ட் 1850களில் இதை ஆராய்ந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடல் உயிரியலாளர் ஜேம்ஸ் ஹோர்னெல் இதைப் பற்றி எழுதினார். தட்டையான, மெல்லிய இதன் ஓட்டைச் சதுரமாக வெட்டிக் கோவாவிலும் பிலிப்பைன்சிலும் ஜன்னலில் பதித்தார்கள். கண்ணாடிக்குப் பதிலாக நின்று, வெயிலின் கண்கூச்சத்தைக் குறைத்து வெளிச்சத்தை உள்ளே விட்டது. ஓட்டின் 99 விழுக்காடு கல்சைற்று என்ற கனிமம். அது மெல்லிய ஏடுகளாக அடுக்கப்பட்டிருப்பதால் ஒளியைப் பெரும்பாலும் கடத்துகிறது, அதேவேளை எளிதில் உடைவதுமில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.ரி. ஆய்வாளர்கள் 2014இல் இந்த ஓட்டின் உறுதிக்கான காரணத்தை ஆராய்ந்து, அடி விழும் இடத்தில் நுண்ணிய படிகங்கள் திசை மாறிச் சேதத்தைப் பரவவிடாமல் தடுப்பதைக் காட்டினார்கள். உண்ணிக்குத் தேவையான பரந்த வெளிச்சத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஜன்னல் தேட வேண்டியதில்லை.

மணிக்கூட்டுக் கண்ணாடியின் சிக்கல் வேறு. அங்கே ஜன்னல் அப்படியே தெறித்துத் தெரிகிறது. முனைவாக்கி வடிகட்டி ஒன்றைப் போட்டால் போகும் என்பார்கள். செங்குத்திலிருந்து 56 பாகை அளவில் சாய்ந்து பார்க்கும்போதுதான் அது கண்ணாடித் தெறிப்பை நன்றாக வெட்டும். நேர் எதிரே நின்று எடுத்தால் அதனால் பயனில்லை. அதற்கு எளிய வழி, கமராவுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, கண்ணாடியில் தெறிக்கக்கூடியது அந்தக் கறுப்பு மட்டுமே என்று ஆக்கிவிடுவது.

நேரத்தைத் துண்டாக்குதல்

சாதாரணச் சுவர் மணிக்கூட்டின் உள்ளே குவார்ட்ஸ் படிகம் ஒன்று செக்கனுக்கு 32,768 தடவை அதிர்கிறது. மின்சுற்று அதைப் பதினைந்து முறை பாதியாக்கிச் செக்கனுக்கு ஒரு துடிப்பாக மாற்றுகிறது. அந்தத் துடிப்பில் முள் ஒரு தாவல் தாவி நிற்கும். பெரும்பாலான நேரம் அசையாது. அரை இருட்டில் கமரா கால் செக்கன் திறந்திருந்து, நடுவில் அந்தத் தாவல் நேர்ந்தால், முள் இரண்டு இடங்களிலும் அரைகுறையாகப் பதியும். முள் இரண்டாகத் தெரிவதன் காரணம் இவ்வளவுதான்.

தாவாமல் வழுக்கிச் செல்லும் செக்கன் முள்ளுக்குக் கணக்கு வேறு. 10 சென்ரிமீற்றர் நீளமான முள்ளின் நுனி செக்கனுக்கு 10 மில்லிமீற்றருக்குச் சற்று அதிகமாக நகரும். அறுபதில் ஒரு செக்கனில் அது நகர்வது 0.17 மில்லிமீற்றர், சுவர் மணிக்கூட்டு அளவில் கண்ணுக்கே தெரியாது. உண்ணியோ செக்கனுக்கு ஒரு மில்லிமீற்றர் நடந்தாலும் போதும். மூன்று மடங்கு உருப்பெருக்கத்தில், நூறில் ஒரு செக்கனில் அதன் விம்பம் உணரியில் 0.03 மில்லிமீற்றர் இழுபடும். கூர்மை போவதற்கு அதுவே போதும். உருப்பெருக்கம் நீளத்தை மட்டும் பெரிதாக்குவதில்லை, வேகத்தையும் அதே அளவில் பெரிதாக்குகிறது.

சாவி கொடுக்கும் கைக்கடிகாரத்தின் சமநிலைச் சில்லு இன்னும் கடினமான பொருள். மணித்தியாலத்துக்கு 28,800 அடிகள் என்றால் செக்கனுக்கு எட்டு. 5 மில்லிமீற்றர் ஆரையுள்ள சில்லு ஒவ்வொரு பக்கமும் 270 பாகை சுழன்றால், நடுவழியில் அதன் விளிம்பு செக்கனுக்கு 60 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடும். ஆயிரத்தில் ஒரு செக்கன்கூட இதற்கு நீளம். இருபதாயிரத்தில் ஒரு செக்கன் மட்டும் மின்னும் பிளாஷ் அதை உறையவைக்கும். 1851இல் இலண்டனில் படக்கலை முன்னோடி வில்லியம் ஹென்றி பொக்ஸ் டால்போட், சுழலும் சில்லில் ஒட்டிய செய்தித்தாளை மின்பொறியின் ஒளியில் வாசிக்கக்கூடியதாகப் படமெடுத்துக் காட்டிய உத்தி இதுவே. கருவி கைவசம் இல்லாதவர் சில்லின் இயல்பை நம்பலாம்: ஊசலைப்போல அதுவும் வீச்சின் இரு முனைகளிலும் ஒரு கணம் நின்று திரும்பும்.

அந்தச் சில்லைத் திருப்பி இழுக்கும் மெல்லிய சுருள்வில்லிலும் ஹூக்கின் கை இருக்கிறது. 1675இல் ஒல்லாந்து அறிவியலாளர் கிறிஸ்ரியான் ஹைகன்ஸ் சுருள்வில் கடிகாரத்தை அறிவித்தபோது, அது பல ஆண்டுகளுக்கு முன்பே தன் எண்ணம் என்று ஹூக் வழக்காடினார். இழுவிசைக்கு ஏற்ற அளவில் வில் நீளும் என்ற அவருடைய விதி 1678இல் அச்சானது. ஈயின் சிறகடிப்பைக் கண்ணால் பிடிக்க முடியாதபோது, அதன் ரீங்காரத்தை இசைத் தந்தியின் சுருதியோடு ஒப்பிட்டு எண்ணிக்கையைக் கணித்தவரும் அவரே. ஹூக்கின் சமகாலத்தவரான சாமுவேல் பீப்ஸ் 1666இல் தன் நாட்குறிப்பில் இதை எழுதி வைத்திருக்கிறார்.

கறுப்புப் பட்டைகள்? இலங்கையின் மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்று. தரங்குறைந்த எல்ஈடி மின்குமிழ் செக்கனுக்கு நூறு தடவை மங்கிப் பிரகாசிக்கும். போனின் உணரி படத்தை வரி வரியாக வாசிப்பதால் மங்கிய கணங்கள் பட்டைகளாகின்றன. கமரா திறந்திருக்கும் நேரத்தை நூறில் ஒரு செக்கன் அல்லது ஐம்பதில் ஒரு செக்கன் என்று வைத்தால், ஒவ்வொரு வரியும் முழுச் சுற்றுகளைப் பெற்றுப் பட்டை மறையும்.

எந்த மணிக்கூடு காட்டிய நேரம்?

படத்தில் மணிக்கூடு இருந்தால் அது சான்றாகிறது. ஆனால் சான்றையும் சரிபார்க்க வேண்டும். மின்தட்டுப்பாட்டை ஒட்டி 1996 மே 25இல் இலங்கை நேரம் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஒக்ரோபர் 26இல் அரை மணித்தியாலம் பின்வாங்கியது. 2006 ஏப்ரல் 15இல் பழைய நிலைக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் பழைய நேரத்தையே வைத்திருந்தன. திருகோணமலை மாவட்டத்திலும் அத்தகைய பகுதிகள் இருந்தன. அக்காலப் படம் ஒன்றில் சுவர் மணிக்கூடு பத்து மணி காட்டினால், எந்தக் கரையின் பத்து மணி என்று கேட்காமல் அதை வாசிக்க முடியாது.

கமராவுக்குள் இருப்பதும் ஒரு மணிக்கூடு. அது மாதத்துக்குப் பல செக்கன்கள் பிசகலாம். வலையமைப்பில் இருந்து நேரம் பெறும் போனின் திரையை வேலை தொடங்குமுன் அந்தக் கமராவால் ஒரு படம் எடுத்துவிட்டால், கமரா நேரத்துக்கும் சரியான நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் என்றைக்கும் பதிவாகிவிடும். நீளத்துக்கும் இதே ஒழுங்கு: பொருளின் அதே தளத்தில் அடிமட்டத்தின் மில்லிமீற்றர் கோடுகள் தெரியும்படி ஒரு படம் எடுத்து வைக்க வேண்டும்.

படம் தீர்க்கும் கேள்வி

இவ்வளவு பாடுபட்டு ஓர் உண்ணியை ஏன் எடுக்க வேண்டும்? 1893இல் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித்தும் பிரெட் கில்போர்னும் மாட்டுக் காய்ச்சல் ஒன்றை உண்ணி கடத்துகிறது என்று நிறுவினார்கள். அன்றிலிருந்து, கடித்தது எந்த உண்ணி என்பது மருத்துவக் கேள்வி. இலங்கையில் உண்ணி பரப்பும் ரிக்கெற்சியாக் காய்ச்சல் மனிதருக்கும் வருகிறது. காதுக்குள் உண்ணி புகுந்து வைத்தியசாலைக்கு வருவோரும் உண்டு.

முதலில் பாதுகாப்பு. உண்ணியை எண்ணெய் பூசியோ சூடு வைத்தோ கழற்றக் கூடாது. மெல்லிய சாவணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும், வெறுங்கையால் நசுக்கக் கூடாது. அற்ககோலில் இட்ட பிறகு, சனிடைசர் ஜெல்லின் ஒரு துளியில் வைத்தால் விரும்பிய கோணத்தில் நிற்கும். மேற்புறம், கீழ்ப்புறம், வாய்ப்பகுதி என்று மூன்று படங்கள் எடுக்க வேண்டும். ஆறு கால்கள் என்றால் அது இளம்பருவம். எட்டு என்றால் அடுத்த பருவமோ முதிர்ந்ததோ. முதிர்ந்த உண்ணியில் ஓடு முதுகு முழுவதையும் மூடினால் ஆண், முன்பகுதியை மட்டும் மூடினால் பெண். உடலின் பின் விளிம்பில் சிறு செவ்வகங்களாக மடிப்புகள் வரிசையாக இருந்தால் நாய் உண்ணியாக இருக்கலாம். மாட்டுண்ணிக்கு அவை இல்லை, அதன் ஆணுக்குப் பின்னால் சிறு வால் போன்ற முனை உண்டு. இரத்தம் குடித்து உப்பிய பெண்ணில் அந்த மடிப்புகள் மறைந்துவிடும். ஆகவே எல்லோரும் ஆசையாய் எடுக்கும் கொழுத்த உண்ணியின் படம் பெரும்பாலும் மிகக் குறைந்த தகவலுள்ள படம்; பக்கத்தில் ஒட்டியிருக்கும் தட்டையான சிறியதே சாட்சி சொல்லும்.

அந்தச் சாட்சியம் எங்கே மருந்து அடிப்பது என்பதைத் தீர்மானிக்கும். மாட்டுண்ணி இளம்பருவத்தில் ஏறிய அதே மாட்டிலேயே ஏறத்தாழ மூன்று வாரம் இருந்து முதிர்கிறது. மாட்டுக்குச் செய்யும் சிகிச்சை அதைப் பிடிக்கும். நாய் உண்ணி ஒவ்வொரு பருவம் முடியும்போதும் விழுந்து, சுவர் வெடிப்பிலும் தரை ஓரத்திலும் ஒளிந்து தோலுரித்து மறுபடி ஏறும். நாயை மட்டும் கழுவிவிட்டு இருந்தால் சில வாரங்களில் திரும்ப வரும். மிருக வைத்தியரிடம் காட்டும் படத்தில் அந்தப் பின் விளிம்பு தெளிவாக இருந்தால், பட்டியில் மாட்டைப் பார்ப்பதா வீட்டில் சுவரைப் பார்ப்பதா என்பதை அவர் அங்கேயே சொல்லிவிடலாம். ஆழத்தையும் ஒளியையும் நேரத்தையும் அந்த ஒரு விளிம்புக்காகச் செலவழியுங்கள். உண்ணியின் மற்றப் பகுதிகள் மங்கினால் மங்கட்டும்.